நாற்பது வயதில் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாமா?

இடம்பெயர்ந்தபோது மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் நம்மில் பலர். இங்கு வந்து கடையிலும் பராமரிப்பு வேலையிலும் காலம் போயிற்று. பிள்ளைகள் ஓரளவு தலையெடுத்த பின், "இனியாவது விரும்பியதைப் படிக்கலாமா?" என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. இங்கிலாந்தில் வாழும் நாங்கள் விசாரித்து அறிந்தவற்றை, அதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்காகத் தருகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விலங்கு விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் மிருக வைத்தியர் அல்லர். மிருக வைத்தியத்துக்குத் தனியான பட்டம் வேண்டும். அது பெரும்பாலும் 5 வருடப் படிப்பு. விலங்கு விஞ்ஞானம் வழக்கமாக 3 வருடம்; வேலைப் பயிற்சியும் சேர்ந்தால் 4. தீவனம், இனவிருத்தி, மரபியல், உடற்றொழிலியல், விலங்கு நலன் ஆகியவையே பாடங்கள். படித்தவர்கள் தீவன நிறுவனங்கள், பண்ணை ஆலோசனை, ஆய்வுகூடங்கள், விலங்கு நல அமைப்புகள் என்று போகிறார்கள். நோயைக் குணமாக்கவே ஆசையென்றால் இது உங்கள் வழியல்ல.

பிரித்தானியாவில் 21 வயதோ அதற்கு மேலோ ஆனபின் முதற்பட்டம் தொடங்குபவர் 'முதிர்ந்த மாணவர்'. ஊரில் உயர்தரம் சித்தியடைந்தவர்கள், தகைமைகளை ஒப்பிட்டு உறுதிப்படுத்தும் யூகே எனிக் சான்றிதழைப் பெறலாம். மற்றவர்களுக்கு 'அக்சஸ் டிப்ளோமா' இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் பொதுவாக ஒரு வருடம், 60 கிரெடிட்டுகள். உயிரியலும் இரசாயனவியலும் உள்ள டிப்ளோமாவாகப் பார்த்து எடுங்கள். சேருமுன், அதை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒரு வருடத்தை இழக்கக் கூடாது.

அடுத்தது பணம். இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டணக் கடனுக்கு வயது வரம்பு இல்லை. அக்சஸ் படிப்புக்கு எடுத்த கடன், பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் மூன்று வருட வதிவிட விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு, அது ஊரில் பெற்றதாயினும், முழுநேரமாகப் படிக்கும் இரண்டாவது பட்டத்துக்குக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை. யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்கள், மாணவருக்கான வாழ்க்கைச் செலவுக் கடன் வருமானமாகக் கணக்கிடப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். விதிகள் மாறுவதுண்டு, விண்ணப்பிக்கும் வருடத்தின் விதியைப் பாருங்கள்.

குடும்பத்தை விட்டுப் போக முடியாதவருக்குத் தூரமும் ஒரு தகைமைதான். ஷ்ரொப்ஷயரில் உள்ள ஹார்ப்பர் அடம்ஸ் விவசாயத்துக்குப் பேர்போனது. லண்டனிலிருந்து தினமும் போய்வர முடியாது. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் இதனை சட்டன் பொனிங்டன் வளாகத்தில் கற்பிக்கிறது. மேற்கு லண்டன்காரருக்கு ரெடிங் எட்டக்கூடியது. கிழக்கில் இருப்பவர்கள் செம்ஸ்ஃபோர்டிலுள்ள ரிட்டில் வளாகத்தின் விலங்குசார் கற்கைநெறிகளையும் பார்க்கலாம்.

திறந்த நாளுக்குப் போனால் கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் வரவேண்டும்? பண்ணைப் பயிற்சி விடுமுறையிலா, தவணையிலா? கார் இல்லாமல் சமாளிக்கலாமா? கடந்த வருடம் படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: உடல் அறுத்துப் பார்க்கும் வகுப்புகள், இறைச்சி உற்பத்திப் பாடங்கள் எவ்வளவு? மாட்டைப் பிள்ளைபோல வளர்த்த சைவ வீட்டிலிருந்து போகிறவருக்கு இது சின்ன விடயமல்ல.

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பலநாள் பேசினோம். தொடக்கச் சம்பளம் இப்போதைய உழைப்பைவிடப் பெரிதாக இராமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் அக்சஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இரசாயனவியலை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்த பிள்ளை ஒத்துக்கொண்டிருக்கிறது.