முளைக்குச்சி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

சமயநல்லூர்ப் பக்கம் மாலை வேளையில் போயிருக்கிறீர்களா? அறுவடை முடிந்த வயல்களிலும் இருப்புப்பாதை ஓரத்துத் தரிசுகளிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலிருந்தும் ஒரு கயிறு போகும். கயிற்றின் மறுமுனையில் ஒரு முழம் நீளமுள்ள முளைக்குச்சி. அதன் எடை அரைக் கிலோகூட இருக்காது. ஆட்டின் எடையோ இருபத்தைந்து கிலோ. இவ்வளவு சிறிய குச்சி அவ்வளவு பெரிய பிராணியை எப்படி நிறுத்தி வைக்கிறது?

இந்தக் கேள்வியை நான் என் எட்டாம் வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஐப்பசி மாதம் அது. எங்கள் சினை வெள்ளாட்டை மேய்ச்சலுக்குக் கட்டிவரும் வேலை என்னுடையது. பகல் முழுவதும் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. புதுக் குழி அடிக்கச் சோம்பல்பட்டு, முதல் நாள் அடித்த அதே குழியில் முளையைச் செருகி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டினேன். குனியவும் சோம்பல், கயிற்றை முளையின் தலையிலேயே முடிந்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த ரயில் ஊதியதும் ஆடு மிரண்டு ஓடியிருக்கிறது. முளையும் கூடவே போய்விட்டது. தண்டவாளத்துக்கு அப்பால்தான் ஆட்டைக் கண்டெடுத்தோம். அதன் குட்டிகளை விற்றுத்தான் எனக்குச் சைக்கிள் வாங்குவதாக இருந்தது. அப்பத்தா என்னை அடிக்கவில்லை. "ஆடு புடுங்கலடா, மழை புடுங்கிருச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தில் எவ்வளவு இயற்பியல் இருந்தது என்பது எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

முளை ஆட்டைப் பிடிப்பதில்லை. முளையைச் சுற்றியுள்ள மண்தான் பிடிக்கிறது. கயிற்றை இழுத்தால் முளையின் மேல்பாகம் ஆட்டின் பக்கம் சாயப் பார்க்கிறது, அடிநுனி எதிர்ப்பக்கம் போகப் பார்க்கிறது. நெம்புகோல் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். மண்ணுக்குள் ஏதோ ஓர் இடத்தைச் சுழல்புள்ளியாகக் கொண்டு முளை திரும்ப முயல்கிறது. இருபுறத்து மண்ணும் எதிர்த்து அழுத்துகின்றன. மணற்பாங்கான மண்ணில் இந்த எதிர்ப்பு ஆழம் கூடக்கூட வளர்கிறது. மேலே இருக்கும் மண்ணின் சுமை அடிமண்ணை இறுக்குவதே காரணம்.

பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் நிலத்தில் இறக்கும் தூண்களுக்காகப் புரோம்ஸ் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் 1964இல் ஒரு கணக்கைத் தந்தார். அது நம் ஆட்டு முளைக்கும் பொருந்தும். மணலில் ஒரு முளை தாங்கும் பக்கவாட்டு விசை, ஆழத்தின் மும்மடியை, ஆழத்தையும் கயிறு கட்டிய உயரத்தையும் கூட்டிய தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கயிற்றைத் தரைமட்டத்தில் கட்டி 30 செ.மீ. ஆழம் அடித்தால் கிடைக்கும் எண் 900. ஆழத்தை 60 செ.மீ. ஆக்கினால் 3600. ஆழம் இரண்டு மடங்கு, பிடிப்போ நான்கு மடங்கு! இனி, 30 செ.மீ. ஆழமே இருக்கட்டும், கயிற்றைத் தரைக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். 27000ஐ 50ஆல் வகுத்தால் 540. பத்தில் நான்கு பங்கு பிடிப்பு போய்விட்டது. குனியச் சோம்பல்பட்டதன் விலை அது.

இவ்வளவும் கயிறு கிடையாக இழுக்கும்போதுதான். மேல்நோக்கி இழுத்தால் கதை வேறு. அப்போது முளையைத் தடுப்பது அதன் பக்கங்களில் உரசும் மண்ணின் உராய்வு மட்டுமே; மெல்லிய முளைக்கு அது கொஞ்சம்தான். ஆட்டின் கழுத்து தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கயிறு 3 மீட்டர் இருந்தால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்குதான் மேல்நோக்கிச் செல்லும். கயிறு 1 மீட்டர் என்றால் ஐந்தில் மூன்று பங்கு! அப்படியானால் நீளக் கயிறுதான் நல்லதா? அவசரப்படாதீர்கள். நீளக் கயிறு ஆட்டுக்கு ஓட இடம் கொடுக்கிறது. 25 கிலோ ஆடு நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் அதன் இயக்க ஆற்றல் 200 ஜூல். கயிறு இறுகி 5 செ.மீ. தூரத்துக்குள் அதை நிறுத்தினால் சராசரி விசை 4000 நியூட்டன். ஏறக்குறைய 400 கிலோ எடை தொங்குவது போல! அதையே 20 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் 1000 நியூட்டன் போதும். முளையைப் பிடுங்குவது ஆட்டின் பலம் அன்று, அந்த ஒரு நொடிச் சுண்டல்தான்.

அப்பத்தா சொன்ன மழைக்கு வருவோம். சற்றே ஈரமான மணல் காய்ந்த மணலைவிட நன்றாகப் பிடிக்கும். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்து வைக்கிறது. வைகைக் கரை மணலில் வீடு கட்டி விளையாடியவர்களுக்கு இது தெரியும். ஆனால் இடுக்குகள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் படலம் மறைகிறது. நீரே சுமையில் ஒரு பங்கைத் தாங்கத் தொடங்கி, துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. உராய்வும் குறைகிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணோ கோடையில் வெடித்து முளையைச் சுற்றி இடைவெளி விட்டுவிடும். மண்ணைப் பாராமல் முளை அடிக்கக் கூடாது.

இதே கணக்கு உலகின் மறுகோடியில் வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. வட அமெரிக்காவில் ரக்கூன் என்றொரு விலங்கு உண்டு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமாகக் கோடிட்ட வால், விரல்கள் பிரிந்த கை போன்ற முன்னங்கால்கள். இரவில் நீரோரங்களில் இரை தேடும். தோலுக்காக அதைப் பிடிப்பவர்கள் காலைக் கவ்வும் இரும்புப் பொறி வைப்பார்கள். ஏழெட்டுக் கிலோ விலங்குதானே என்று பொறியைச் சிறு முளையில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஏன்? ஆட்டைப் போல அது தூரத்தில் நின்று இழுப்பதில்லை. பொறியின் சங்கிலி குட்டையானது. விலங்கு முளையின் மேலேயே நின்று மேல்நோக்கி இழுக்கும், சுற்றிச் சுற்றி முறுக்கும். நாம் கண்ட மிகப் பலவீனமான திசை அதுதான்!

ஆகவே அவர்கள் ஒரே வளையத்தின் வழியாக இரண்டு இரும்புக் கம்பிகளை எதிரெதிர்ச் சாய்வில், பெருக்கல் குறி போல அடிக்கிறார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு கம்பியாவது குறுக்கே நின்று தடுக்கும். இளகிய மண்ணில் வேறொரு தந்திரம்: கம்பிவடத்தின் நுனியில் சிறு உலோகத் துண்டைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிட்டு மேலே இழுத்தால் அது மண்ணுக்குள் குறுக்கே திரும்பிக்கொள்ளும். இனி அதைப் பிடுங்க மேலேயுள்ள மண்ணையே தூக்க வேண்டும். மூன்றாவது வழி, கட்டாமலே விடுவது! சங்கிலி நுனியில் கொக்கியையோ கனமான கட்டையையோ மாட்டிவிடுவார்கள். விலங்கு அதை இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் அடங்காத மாட்டின் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவதற்கு இது தூரத்துச் சொந்தம்.

சுண்டல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 7 கிலோ ரக்கூன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் ஆற்றல் 31.5 ஜூல். அசையாத முளை அதை 1 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் 3150 நியூட்டன், அதுவும் கவ்வப்பட்ட ஒரே காலில். இடையில் 10 செ.மீ. நீளும் சுருள்வில் இருந்தால் 315 நியூட்டன்தான். சங்கிலியில் வில்லும் சுழலும் வளையமும் வைப்பது இதற்காகத்தான். அவற்றாலும் வலி இல்லாமல் போய்விடாது. பல்வைத்த காற்பொறி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1958இல் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் காற்பொறிகளின் பயன்பாட்டை 1995 முதல் தடுத்தது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொறி வைப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டையே.

இருந்தும் காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்கென்று இருசக்கர வண்டியின் கிளட்ச் கம்பியைச் சுருக்காக்கி மரத்தடியில் கட்டிவிடுகிறார்கள். மரம் அசையாது, கம்பி நீளாது, சுழலும் வளையமும் கிடையாது. நம் கணக்கில் எவையெல்லாம் விசையைக் கூட்டுமோ அவை அத்தனையும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதில் பன்றி மட்டும் விழுவதில்லை, சிறுத்தையும் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட கம்பி உங்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆழத்தின் கணக்கை நீங்களே சோதிக்கலாம். அகன்ற வாளி நிறையக் காய்ந்த ஆற்று மணல், சீவாத நீளப் பென்சில், பள்ளி ஆய்வகத்து வில்தராசு போதும். பென்சிலை 4 செ.மீ. ஆழம் புதைத்து, மணல் மட்டத்தில் நூலைக் கட்டி, கிடையாக மெல்ல இழுங்கள். சாயும் நொடியில் முள் காட்டும் அளவைக் குறியுங்கள். பிறகு 6, 8, 10 செ.மீ. ஒவ்வொரு முறையும் மணலைக் கிளறி, ஒரே அளவு தட்டிச் சமன் செய்ய மறக்க வேண்டாம். வரைபடத்தாளில் கோடு மேல்நோக்கி வளைய வேண்டும். நேர்கோடு வந்தால் மணலைத் தட்டிய விதத்தில்தான் கோளாறு. வாளியைக் கொட்டி மறுபடியும் தொடங்குங்கள்.