மரக்குவளையும் மாச்சத்தும்

இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்றொரு கொடி உண்டு. அதன் தடித்த தண்டைக் குடைந்து குவளை செய்வார்கள். இரவில் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, நிறம் ஏறிய தண்ணீரைச் சர்க்கரை நோய்க்காரர்கள் காலையில் குடிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். சித்த மருத்துவத்தில் இந்தக் கொடியைக் கடலழிஞ்சில் என்கிறார்கள். நம்மூரில் சூரணமாகக் கிடைக்கும். தாவரவியல் பெயர் சலேசியா ரெட்டிகுலேட்டா.

இதுபோன்ற மூலிகைச் சாறுகளைப் பற்றிய ஆய்வுகளில் இரண்டு சொற்கள் ஓயாமல் வரும்: ஆன்டிஆக்ஸிடன்ட், நொதித் தடுப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது என் கருத்து.

முதலாவதைச் சோதிப்பது சுலபம். டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளை ஆல்கஹாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம் வரும். அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. தாவரச் சாற்றைக் கொஞ்சம் விட்டால், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்கிவிடும். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து சாற்றின் வீரியத்தைக் கணக்கிடுவார்கள். தேயிலை, கொய்யா இலை, மாதுளைத் தோல் என்று எதைப் போட்டாலும் ஓரளவு மஞ்சளாகும். ஆய்வு மாணவர்களுக்கு இந்தச் சோதனை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

சோதனைக் குழாயில் நடப்பது உடம்பிலும் நடக்குமா என்பதுதான் சிக்கல். பாலிஃபீனால்களில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதே இல்லை. போனதையும் கல்லீரல் உருமாற்றிவிடுகிறது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1994இல் வந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே இருந்தது. அது சாறு அல்ல, தனிப்பொருள்தான். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மயங்காமல் இருக்க அந்த ஒரு முடிவு போதும். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையும் 2012இல் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

நொதித் தடுப்பு வேறு கதை. வெறும் சோற்றை வாயில் போட்டு நிறுத்தி நிதானமாக மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதி மாச்சத்தை வெட்டத் தொடங்கிவிட்டது. மிச்ச வேலை சிறுகுடல் சுவரில் நடக்கிறது. அங்கே ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் வகை நொதிகள் கடைசி வெட்டைப் போட்டுக் குளுக்கோஸாக்கினால்தான் அது ரத்தத்தில் ஏறும்.

1997இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசயுகி யோஷிகாவா குழுவினர் கொத்தல ஹிம்புட்டுக் கொடியிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு இன்னொன்று. அதற்குச் செடியின் சிங்களப் பெயரை ஒட்டியே கோட்டலனால் என்று பெயரிட்டார்கள். சலசினாலின் அமைப்பு விசித்திரமானது: சர்க்கரை போன்ற ஒரு வளையம், அதில் நேர்மின்னூட்டம் கொண்ட கந்தக அணு. நொதி இதைச் சர்க்கரை என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த மூலக்கூறு அங்கே இடத்தைப் பிடித்துக்கொள்ள, மாச்சத்துக்கு உட்கார இடமில்லை. சாப்பிட்டதும் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக ஏறும். சர்க்கரை நோய்க்குத் தரும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான்.

இந்தச் சாறு ரத்தத்தில் கலந்தாக வேண்டிய அவசியமே இல்லை. வேலை குடல் சுவரிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் கண்டது மனிதரிடமும் ஓரளவு பலிக்கிறது. இலங்கையில் 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம் இந்தக் கொடியின் தேநீரும் மூன்று மாதம் போலித் தேநீரும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில், ரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், மாத்திரையைத் தூக்கி எறிய இது போதாது. தவிர, நொதியைத் தடுக்க வேண்டிய பொருள் சோற்றோடு சேர்ந்து குடலுக்குப் போக வேண்டும். அந்தக் கணக்குப்படி, விடியற்காலை வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு குடிப்பதே பொருத்தம்.

நொதியைத் தடுப்பதால் செரிக்காமல் போகும் மாச்சத்து பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிரிகளிடம் சிக்கும். வயிற்று உப்புசம், வாயுத் தொல்லை எல்லாம் அதனால் வருபவை.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தச் சூரணத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்து படபடப்பு வந்தால், வழக்கம்போலச் சீனியையோ மிட்டாயையோ வாயில் போட்டு நம்பியிருக்காதீர்கள். சீனியை வெட்டும் நொதியையும் இந்தச் சாறு தடுத்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர்தான்.