இது யார் சொன்ன சொல்?

கல்யாண வீட்டுப் பந்தி. இரண்டு வாலிபர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஜாங்கிரி சாப்பிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர், "சபாஷ், சரியான போட்டி!" என்கிறார். பந்தியே சிரிக்கிறது.

பஸ் நிறுத்தம். ஒரு மணி நேரமாகப் பஸ் வரவில்லை. காத்திருக்கும் மாணவன், "என்ன கொடுமை சார் இது!" என்று அலுத்துக்கொள்கிறான். பக்கத்தில் நிற்பவர்களும் சிரித்துவிடுகிறார்கள்.

இந்தச் சொற்களை முதலில் சொன்னது யார்? எந்தப் படத்தில்? எழுதிக் கொடுத்தது யார்?

வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். தாத்தா ஒன்று சொல்வார். பேத்தி வேறொன்று சொல்வாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருப்பீர்கள். ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் விடை சொல்லுங்கள்.

பொங்கச் சொன்னது யார்?

"பொறுத்தது போதும், பொங்கி எழு!"

மேடையிலும், தெருச் சுவரிலும், ஊர்வலத்திலும் இடம் பிடித்த வாக்கியம் இது. இதைச் சொன்னது யார்? "சிவாஜி கணேசன்!" என்று உடனே சொல்லத் தோன்றும்.

படம் சரி. ஆள்தான் தவறு!

1954-ம் ஆண்டு வெளிவந்த "மனோகரா" படத்தில், சிவாஜி கணேசன் சங்கிலியால் கட்டப்பட்டு அரச சபையில் நிற்பார். "பொறுத்துக்கொள், மகனே" என்று அதுவரை அவரைத் தடுத்து வந்தவர் அவருடைய தாய். அந்தத் தாயே கடைசியில் பொறுமை இழந்து இப்படிச் சொல்வார். தாயாக நடித்தவர் கண்ணாம்பா. பொறுக்கச் சொன்ன வாயே பொங்கச் சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வேகம்.

வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. மூலக் கதையோ பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம். பார்த்தீர்களா? ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.

வில்லன் கொடுத்த சபாஷ்

அடுத்த கேள்வி. கல்யாணப் பந்தியில் பெரியவர் கொடுத்தாரே ஒரு சபாஷ், அது யாருடையது?

1958-ல் எஸ்.எஸ். வாசன் எடுத்த "வஞ்சிக்கோட்டை வாலிபன்" படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி நடனம் ஆடுவார்கள். ஒருவரை ஒருவர் விஞ்சி ஆடுவார்கள். அதைப் பார்த்து உற்சாகம் தாங்காமல் குரல் கொடுப்பவர் வில்லன் நடிகர் பி.எஸ். வீரப்பா.

அந்த நடனத்தைப் பார்க்காத பிள்ளைகளும் இன்று அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். தேர்தல் வந்தாலும், கிரிக்கெட் வந்தாலும், பத்திரிகைத் தலைப்பில் அது எட்டிப் பார்க்கிறது.

"மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்று மிரட்டியவரும் இதே வீரப்பாதான். படம், 1957-ல் வந்த "மகாதேவி". அதற்கு வசனம் எழுதியவர் கவிஞர் கண்ணதாசன்.

கதாநாயகர்கள் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். வில்லன் பேசிய நான்கு சொற்கள் ஊரில் நிலைத்துவிட்டன!

சரவணன் எங்கே போனார்?

இப்போது பஸ் நிறுத்தத்து மாணவனுக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு இளையவர்கள் விடை சொல்லட்டும்.

2005-ல் வந்த "சந்திரமுகி" படத்தில் பிரபு, ரஜினிகாந்தைப் பார்த்து வேதனையோடு, "என்ன கொடுமை சரவணன்!" என்பார். சரவணன் என்பது ரஜினியின் பாத்திரப் பெயர். அது சோகமான கட்டம். யாரும் சிரிக்க எழுதியது அல்ல.

2007-ல் "சென்னை 600028" வந்தது. அதில் பிரேம்ஜி அதே சோகத்தைக் கேலியாக மாற்றினார். "சரவணன்" போனார், "சார்" வந்தார். தமிழ்நாடே அதைப் பிடித்துக்கொண்டது. அழ வைக்கப் பிறந்த சொல், சிரிக்க வைக்கும் சொல்லாகிவிட்டது.

சரித்திரமா? சினிமாவா?

இதுவரை தவறாகச் சொல்லியிருந்தாலும் மோசம் இல்லை. ஒரு சிரிப்போடு போய்விடும். ஆனால், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பள்ளிக்கூட ஆண்டு விழா. ஆறு வயதுப் பையன் மையால் மீசை வரைந்துகொண்டு வருகிறான். அட்டைக் கத்தியைத் தூக்கி, வரி கேட்ட ஜாக்சன் துரையைப் பார்த்து முழங்குகிறான். வானம், பூமி, நாற்று, மஞ்சள் என்று அடுக்குகிறான். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. அவன் பேசியது கட்டபொம்மன் பேசிய பேச்சுத்தான் என்று அந்தப் பையன் நம்புகிறான். பெற்றோரில் பலரும் அப்படியே நம்புகிறார்கள்.

அந்தச் சொற்களை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. 1957-ல் சிவாஜி நாடக மன்றம் அதை நாடகமாக நடத்தியது. 1959-ல் பி.ஆர். பந்துலு "வீரபாண்டிய கட்டபொம்மன்" என்று படமாக எடுத்தார்.

சரித்திரத்தில் நடந்தது என்ன? கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்தார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். அங்கே கைகலப்பு மூண்டது. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

அந்தச் சந்திப்புக்கும் அந்த வசனத்துக்கும் நடுவே சுமார் 160 ஆண்டுகள்! கட்டபொம்மனின் உயிர்த் தியாகம் சரித்திரம். வசனம் ஒரு நல்ல எழுத்தாளரின் உழைப்பு. இரண்டையும் குழப்பினால் இரண்டு பேருக்கும் அநீதி. பையன் முழங்கட்டும். முழங்கி முடித்ததும், எழுதியவர் பெயரையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

காதல் பாட்டில் ஒரு கண்ணீர்

வசனம் போதும். பாட்டுக்கு வருவோம்.

1997-ல் வந்த "இருவர்" படத்தில் "நறுமுகையே" என்று ஒரு பாட்டு. எழுதியவர் வைரமுத்து. இசை ஏ.ஆர். ரகுமான். அன்று நிலா வெளிச்சத்தில் குளத்தில் நீராடியவள் நீதானா என்று காதலன் கேட்கிறான். கேட்டால் மனம் குளிர்கிறது.

"அன்றைய நிலா" என்ற அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? புறநானூற்றின் 112-ம் பாட்டிலிருந்து! அதைப் பாடியவர்கள் காதலர்கள் அல்ல. தந்தையை இழந்த பெண்கள்.

முல்லைக்குத் தேர் கொடுத்தானே பாரி, அவனுடைய மகளிர் அவர்கள். சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகை இட்டார்கள். பாரி மாண்டான். போன மாதம் இதே நிலாவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலாவில் மலையும் இல்லை, தந்தையும் இல்லை என்று அந்தப் பெண்கள் அழுதார்கள்.

இனி அந்தக் காதல் பாட்டைக் கேட்கும்போது, பின்னால் ஓர் அழுகுரலும் உங்களுக்குக் கேட்கும்.

பெயரைத் தொலைத்த புலவர்

அதே பாட்டில் குறுந்தொகையின் 40-ம் பாட்டும் கலந்திருக்கிறது. என் தாய் யாரோ, உன் தாய் யாரோ. ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று சொல்லும் பாட்டு அது.

அதைப் பாடியவர் யார்? செம்புலப்பெயல்நீரார் என்று ஏட்டில் இருக்கிறது. ஆனால், அது தாய் தந்தை வைத்த பெயர் அல்ல. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்று பாடியதால் வந்த பெயர்! அவருடைய சொந்தப் பெயர் மறைந்துவிட்டது. பாட்டைத் தொகுத்தவர்கள், அவர் சொன்ன சொல்லையே அவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். அணில் ஆடும் முற்றத்தைப் பாடிய இன்னொரு புலவருக்கும் இதே கதிதான். அவர் அணிலாடு முன்றிலார் ஆனார்.

சொல் பிழைத்தது. சொன்னவர் பெயர் பிழைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். சோறு குழைந்தாலோ, குழந்தை அடம் பிடித்தாலோ, வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் சொல். அதை முதலில் சொன்னது கொள்ளுப்பாட்டியா? பெரியப்பாவா? எந்தச் சந்தர்ப்பத்தில்?

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இன்றே அவரிடம் கேளுங்கள்.