பள்ளிக்குப் புறப்படும் காலை



தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், பள்ளி நாட்களின் காலைப்பொழுது பெரும்பாலும் ஒரே விதமாகவே கழிகின்றது. காலுறை ஒன்று காணாமற்போகும். இட்லி தட்டிலேயே ஆறிக் கிடக்கும். தெருமுனையில் பள்ளி வண்டியின் ஒலி கேட்கும். சொந்த ஊரானால் தலை வாரிவிட ஒரு பாட்டியும், வண்டிவரை கொண்டுபோய் விடத் தாத்தாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். இங்கே எல்லாம் இருவருடைய நான்கு கைகளாலேயே நடந்தாக வேண்டும். ஆகையால் இந்தக் காலைப்பொழுதைச் சீர்செய்யும் வழிகளைச் சற்றே ஆராய்வோம்.

நான் மாற்றலாகிக் கொச்சி நகரின் தேவராப் பகுதிக்குக் குடிவந்தபோது, என் மகள் ஒன்றாம் வகுப்பிலும் மகன் மழலையர் வகுப்பிலும் சேர்ந்தனர். கேரளத்தில் பள்ளி திறப்பதும் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஜூன் மாதத்தில்தான். பெருமழை பெய்தால் தேவரா–பேரண்டூர்க் கால்வாயை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நீர் தேங்கும். அத்தகைய ஒரு காலையில் நான் போட்ட கூச்சலில், மகள் உண்ணாமலே வண்டி ஏறிச் சென்றாள். அன்றிரவு படுக்கையில் அவள் கேட்டாள்: “அப்பா, காலையிலே மட்டும் ஏன் வேற ஆளா ஆயிடறீங்க?”

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மறுநாள் நான் பேசிய சொற்களை நானே கவனித்தேன். எழு, குளி, உண், உடுத்து, ஓடு என்று எல்லாம் ஏவல் வினைகளாகவே இருந்தன. நாள்தோறும் அலுவலகத்தில் ஆணைகளையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்ப்பவன் நான். வீட்டிலும் அவற்றையே பிறப்பித்துக் கொண்டிருந்தேன்.

காலையில் நேரும் இடர்களில் பல முதல்நாள் இரவிலேயே தொடங்கிவிடுகின்றன. 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 3 முதல் 5 வயதினருக்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. காலை 6 மணிக்கு எழவேண்டிய ஆறு வயதுக் குழந்தை, இரவு 9 மணிக்குள்ளாவது உறங்கிவிட வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகும். மகாராஷ்டிர அரசு 2024-இல், நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்கலாகாது என ஆணையிட்டதற்கும் குழந்தைகளின் உறக்கக் குறைவே காரணமாகக் கூறப்பட்டது. பள்ளி மணியை நம்மால் மாற்ற இயலாது. விளக்கை அணைக்கும் நேரத்தை மாற்ற இயலும்.

இரவில் செய்யத்தக்க பணிகளைக் காலைக்கு ஒத்திவைத்தலும் கூடாது. இதனை எனக்குக் கற்பித்தவர் ஒரு சலவைத் தொழிலாளி. மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னுமிடத்தில், தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் துறை ஒன்று உண்டு. 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையை ஆண்ட டச்சுக்காரர், தம் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தோரின் வழிவந்தவர்கள் அவர்கள். “மழை நாளைக்கும் வரும் சார். இன்னைக்கு வெயில் இருக்கறப்பவே நாளைத் துணியை முடிச்சிடணும்” என்றார் அப்பெரியவர். அன்றுமுதல் எங்கள் வீட்டில் சீருடை, காலணி, குடை, புத்தகப்பை யாவும் இரவு உணவுக்குமுன் வாயிலருகே வந்துவிடுகின்றன. ஈரம் உலராத இவ்வூரில் சீருடை இரண்டு இணையாவது இருத்தல் நலம்.

பையை இரவிலேயே அடுக்குவதில் மற்றொரு பயனும் உண்டு. பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்றும், மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றும் மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகின்றது. வேண்டாத நோட்டுகளை எடுத்துவைக்க இரவில்தான் பொழுது கிடைக்கும்.

அடுத்தது உணவு. தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகளில் நடந்த இத்திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது இதன் அடிப்படை. நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என எந்தக் கிழமைக்கு எந்த உணவு என்பது அங்கே முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. அவ்வாறே ஒரு வாரப் பட்டியலை எழுதி அடுக்களையில் ஒட்டிவிட்டால், ‘இன்று என்ன செய்வது’ என்ற கேள்வியில் கழியும் நேரம் மிஞ்சும். பட்டியலைத் தீட்டுகையில் குழந்தைகளையும் கேட்டுக்கொண்டால், அவர்கள் தட்டைத் தள்ளிவைப்பது குறையும்.

‘சீக்கிரம்’ என்ற சொல்லால் சிறு குழந்தைக்கு யாதொரு பயனும் இல்லை. அது கடிகாரத்தை அறியாது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதையே அறியும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். பல் துலக்கல், குளித்தல், உடுத்தல், உண்ணல் ஆகியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினால், படிக்கத் தெரியாத பிள்ளையும் வரிசையைத் தானே கண்டுகொள்ளும். சட்டைப் பொத்தானைக் குழந்தை தானே போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகுமாயின், அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்த்தே எழுப்புங்கள்.

இவ்வளவும் தாய் ஒருத்தியின் தலையில் விழலாகாது. எங்கள் வீட்டில் சிற்றுண்டிப் பெட்டிகளை நிரப்புவதும் மகனைக் குளிப்பாட்டுவதும் இப்போது என் பொறுப்பு.

பள்ளி வண்டி போய்விட்டாலும் பதற்றம் வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால், தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்டவேண்டும் என்ற மத்திய விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்து நிமிடத் தாமதம் பெரிய இழப்பன்று.

இறுதியாக ஒன்று. நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளமோ இந்தியோ கன்னடமோ கேட்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் கிடைப்பது வீட்டில்தான். அந்தத் தமிழும் காலையில் ஏச்சும் ஏவலுமாகவே செவியில் விழுமானால், நாளடைவில் அவர்கள் அதைவிட்டு ஒதுங்கினால் வியப்பில்லை. எங்கள் ஏற்பாடுகளால் எனக்கு மிஞ்சுவது காலையில் பத்தே நிமிடம். அப்பத்து நிமிடமும் வண்டி வரும்வரை வாயிற்படியில் அமர்ந்து பிள்ளைகளோடு பேசிக் கொண்டிருக்கிறேன். முதல்நாள் கண்ட கனவைப்பற்றி மகள் சொல்கிறாள். கால்வாயில் மிதந்துபோன தேங்காயைப்பற்றி மகன் சொல்கிறான். இருவரும் சொல்வது தமிழில்.