எண்பது ஆண்டு காத்திருந்த சரக்கு

வாங்கிப் போட்ட சரக்கை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டால், நம்மில் ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்வோம். அரிசி வியாபாரி பழைய அரிசிக்கு ஓராண்டு கொடுப்பார். எண்ணெய்க் கடைக்காரர் ஒரு மாதம்கூடப் பொறுக்க மாட்டார். எண்பது ஆண்டு பொறுத்திருந்து சரக்கை விற்ற மளிகைக் கடைக்காரர்களும் உலகில் இருக்கிறார்கள்.

மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. அந்த வியாபாரத்தில் நமக்குள்ள பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே எல்ஜின் என்றொரு சிற்றூர். அங்கே சவுத் ஸ்ட்ரீட்டில் 1895ஆம் ஆண்டு ஜேம்ஸ் கார்டன், ஜான் மெக்ஃபெய்ல் என்ற இருவர் மளிகைக் கடை திறந்தார்கள். தேயிலை, பலசரக்கு, மது ஆகியவை அவர்கள் விற்ற சரக்கு. அந்தக் கடையில் பணிக்குச் சேர்ந்த ஜான் அர்குவார்ட் பின்னாளில் பங்குதாரரானார். அவருடைய குடும்பத்தார்தான் இன்றும் 'கார்டன் அண்ட் மெக்ஃபெய்ல்' நிறுவனத்தின் உரிமையாளர்கள்.

சுற்றிலும் வடிசாலைகள். அங்கே வடித்த சரக்கில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்குப் போய்விடும். இவர்களோ தங்கள் சொந்தப் பீப்பாய்களை வடிசாலைக்கு அனுப்பி, புதுச் சரக்கை நிரப்பி வாங்கி, பல ஆண்டு வைத்திருந்து, ஒரே வடிசாலையின் விஸ்கியாகத் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்றார்கள். இதற்குத்தான் சிங்கிள் மால்ட் என்று பெயர். ஜானின் மகன் ஜார்ஜ் அர்குவார்ட் 1968இல் 'கானசர்ஸ் சாய்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கி, பல வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

நிறம் சொன்ன பொய்

இப்படி வாங்கி அடைத்து விற்கும் ஒரு கடையில் நமக்கும் மாதிரி பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மேசையில் மூன்று கிண்ணங்கள். "இவற்றில் விலை உயர்ந்தது எது?" என்றார் கடைக்காரர். நல்ல கருஞ்சிவப்பாக இருந்ததை நாம் காட்டினோம். அவர் சிரித்தார். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறதாம். "கண்ணை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள்" என்றார்.

நம்மில் குடிக்காதவர்களும் இருந்தார்கள். முகர்ந்தாலே போதும் என்றார் அவர். கலவை செய்யும் நிபுணர்களும் பெரும்பாலும் மூக்கால்தான் வேலை செய்கிறார்கள். வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிது ஊற்றி, தண்ணீர் கலந்து முகர வேண்டும். மென்மையானது முதலில், புகை மணமுள்ளது கடைசியில்.

முதல் இரண்டும் எல்ஜின் அருகிலுள்ள லிங்க்வுட் வடிசாலையின் சரக்கு. வயதும் ஒன்றே. ஒன்று அமெரிக்க பர்பன் இருந்த பீப்பாயில் இருந்தது. ஆப்பிள் பழமும் பூவுமாக மணத்தது. மற்றது ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி இருந்த பீப்பாயில் இருந்தது. உலர்திராட்சையும் கிராம்புமாக மணத்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று ஐயம் வந்தது. மூன்றாவது ஐலா தீவின் கால் ஈலா. கரி வகையான பீட் புகையில் உலர்த்திய வாற்கோதுமை என்பதால் அடுப்படியும் கடற்கரையும் சேர்ந்த வாசனை. நாம் காட்டிய கருஞ்சிவப்புக் கிண்ணம் மூன்றில் விலை குறைந்தது!

கழிவுக் கணக்கு

காத்திருப்பது சும்மா அன்று. பீப்பாயில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும். 'தேவதைகளின் பங்கு' என்று அதைச் சொல்கிறார்கள். 250 லிட்டர் நிரப்பினால் இருபது ஆண்டு கழித்து மிஞ்சுவது சுமார் 167 லிட்டர். சாராயச் சத்தும் குறைந்துகொண்டே வரும். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சட்டப்படி அதை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்க முடியாது. முடங்கிய முதல், கிடங்குச் செலவு, கழிவு, இத்தனையும் தாண்டித்தான் லாபம்.

1940 பிப்ரவரியில் ஜானும் ஜார்ஜும் கிளென்லிவெட் சரக்கை ஒரு பீப்பாயில் நிரப்பச் செய்தார்கள். அது 80 ஆண்டு கழித்து, 2020இல் பாட்டிலில் அடைக்கப்பட்டது. கிடைத்தது 250 பாட்டில்கள் மட்டுமே. நிரப்பியவர்கள் இருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பேரன், கொள்ளுப்பேரன் காலத்துக்கு என்று சரக்கு வாங்கிய மனது எத்தகையது!

இதற்கு நேர்மாறான கதையும் அந்தக் கடை திறந்த காலத்தில் நடந்தது. லீத் நகரின் பாட்டிசன் சகோதரர்கள் இருப்பின் மதிப்பை ஏட்டில் ஏற்றிக் காட்டிக் கடன் வாங்கினார்கள். மலிவுச் சரக்கை உயர்ந்தது என்று விற்றார்கள். 1898இல் நிறுவனம் சாய்ந்தது; கூடவே பல வியாபாரிகளும் நொடித்தார்கள். 1901இல் சகோதரர்கள் சிறை சென்றார்கள்.

மாறும் காலம்

கார்டன் அண்ட் மெக்ஃபெய்ல் 1993இல் பென்ரோமக் என்ற வடிசாலையை வாங்கி, 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2022இல் கெய்ர்ன் என்ற புது வடிசாலையையும் திறந்தது. 2024 முதல் பிறர் வடிசாலைச் சரக்கைப் பீப்பாயில் நிரப்புவதில்லை என்று 2023இல் அறிவித்தது. நூறாண்டுக்கு மேல் நடந்த தொழிலையே நிறுத்தும் முடிவு அது. ஆனால் முப்பது ஆண்டுக்கு முன்பே சொந்த உற்பத்திக்கு அடி போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே நிரப்பி வைத்த இருப்பும் கிடங்கில் இருக்கிறது. ஆகவே கடை மூடவில்லை, பாதைதான் மாறியது.

பிறர் சரக்கை வாங்கி விற்கும் நமக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. கம்பெனிக்காரர் நேராக விற்க வந்துவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? சரக்கு அவர்களுடையது. அதைத் தேர்ந்தெடுக்கும் மூக்கும், உள்ளதை உள்ளபடி சொல்லும் சீட்டும், கடைப் பலகையில் எழுதிய பெயரும்தான் நம்முடையவை. அவற்றைக் காப்போம்.