கத்தரிக்கோலும் மயிர்குறை கருவியும்

திருகோணமலையைச் சார்ந்த கப்பல்துறையில், தையற்காரர் ஒருவரின் மேசையருகே அண்மையிற் காத்திருக்க நேர்ந்தது. மேசைமேற் கிடந்த பொத்தானும் ரேந்தையும் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற பெயர்கள். அவற்றிடையே கிடந்த கத்தரிக்கோலின் பெயரோ அவர்தம் கப்பல்களுக்கு மிக முந்தியது.

அப்பெயரைப்பற்றிப் பல்லாண்டு பிழைபடக் கற்பித்தவன் யான். ‘கத்தரி வடசொல், ஆகவே கருவியும் வடக்கிலிருந்தே வந்தது’ என்பேன். முதற்கூற்றில் தவறில்லை என்றே இன்றும் கருதுகின்றேன். வெட்டுதற் பொருள் தரும் வடமொழி வேரினின்று பிறந்தது ‘கர்த்தரீ’. ரகரம் கெட்டுத் தகரம் இரட்டிப்பது பிராகிருத வழக்கு. பாளியிலும் ‘கத்தரி’ என்றே வரும். கன்னடர் கத்தரி என்பர். தெலுங்கர் கத்தெர என்பர். நம் அயலிலுள்ள சிங்களவர் கதுர என்பர். கத்தியோடு அரிதலைக் கூட்டித் தனித்தமிழாக்குவாரும் உளர். அழகிய பிரிப்புத்தான், ஆயின் ‘கர்த்தரீ’யின் ரகரத்துக்கு அவர் விடை கூறுவதில்லை. கோல் மட்டும் ஐயத்துக்கிடமின்றி நம்முடையது. எழுதுகோல், துலாக்கோல் என்பவற்றில் நிற்பதும் அதுவே.

பிழை இரண்டாங்கூற்றில். பொருநராற்றுப்படையை ஒருநாட் பாடஞ்சொல்லுங்கால், பாடினியின் காதை முடத்தாமக்கண்ணியார் ‘மயிர்குறை கருவி’யின் கடைக்கு உவமித்த இடம் வந்தது. “ஐயா, இது கத்தரிக்கோல் அல்லவா?” என்றாள் மாணவி ஒருத்தி. யான் வாயடைத்து நின்றேன். உரையெழுதிய நச்சினார்க்கினியரும் அதனைக் கத்தரிகை என்றே விளக்குகின்றார். புலவர் காலத்திற் கருவி இருந்தது, தமிழ்ப்பெயரும் இருந்தது. உரையாசிரியர் காலத்துக்குள் வந்த பெயர் பழம்பெயரை விளக்கவேண்டிய நிலை நேர்ந்துவிட்டது. கடன் வந்தது சொல்லேயன்றிப் பொருளன்று.

அக்கடை இக்காலத்து விரல்வளையமோ, ஒரே இரும்புத்தகட்டை வளைத்துச் செய்த பழைய கத்தரியின் வளைவோ என்பது வேறு ஆராய்ச்சி. காதுக்கு இரண்டும் பொருந்தும்.

செய்யும் தொழிலாற் பெயரிடும் அம்முறை இன்னும் அழியவில்லை. நம் வீட்டுப் பாக்குவெட்டியும் நகவெட்டியும் மயிர்குறை கருவியின் தம்பிமாரே.

அப்பழைய குறிப்பை என்னிடம் எழுதிக்கொண்டு போனவருட் சிலர் இன்று ஆசிரியராக உள்ளனர். இதனைக் காண்பாராயின் தம் ஏட்டில் அவ்வொரு வரியை அடித்துவிடுவாராக.