பத்தாவது ஆளும் இ.எஸ்.ஐ. கணக்கும்



நம் பகுதியில் ஒரு விநோதம் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் ஆலைக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்களில் பலரிடம் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது. காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரி, பெரிய வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரி என்று அவர்களுக்கு வழி தெரியும். அவர்கள் மாதச் சாமான் வாங்க நம் கடைக்கு வருகிறார்கள். அந்தச் சாமானை எடை போட்டுக் கட்டிக் கொடுக்கும் நம் கடைச் சிப்பந்தியிடம் அந்தக் கார்டு இருப்பதில்லை. இந்தியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறார்கள், அதே ஊர் மண்டித் தெருவில் மூட்டை இறக்குபவர் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறார்.

"அதற்குத்தான் அரசாங்கக் காப்பீடு இருக்கிறதே" என்று சொல்வோர் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் 2009 முதல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் சிப்பந்தியின் ஆண்டுக் கூலியே 1,44,000 ஆகிவிடுகிறது. மனைவியும் வேலைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஆக, கூலி குறைந்தவருக்கு அரசு கட்டுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை கட்டுகிறது. நடுவில் நிற்பவர் நம் கடை ஆள். அவருக்குக் கட்ட வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

தகுதியுள்ளவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குக் கலெக்டர் அலுவலகம் திருப்பத்தூர்; வேலூருக்கு பஸ் ஏறி வீணாக அலைய வேண்டாம்.

இனி இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்துக்கு வருவோம். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இந்தத் திட்டம் 1955-ல் கோவை வழியாக நம் மாநிலத்துக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் இது பொருந்தும், கடையாக இருந்தாலும் மண்டியாக இருந்தாலும் சரி.

இந்தப் பத்து என்ற எண்ணில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலாளியையும் கூட்டாளிகளையும் எண்ண வேண்டியதில்லை. கூட்டாளி தொழிலாளி ஆகமாட்டார் என்று ராமானுஜா மேட்ச் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கணக்கப்பிள்ளை, டிரைவர், பில் போடும் பெண், கூட்டிப் பெருக்குபவர் எல்லோரும் எண்ணிக்கையில் உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்குச் சந்தா கிடையாது. ஆனால் பத்துப் பேரை எண்ணும்போது அவரும் ஒருவர். தினக்கூலி ஆள் கணக்கில் வராது என்பது தவறு. 1986-ல் சவுத் இந்தியா ஃப்ளவர் மில்ஸ் வழக்கில், தற்காலிகத் தொழிலாளியும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்று தீர்ப்பாகியிருக்கிறது. சீசனில் ஆள் கூடிப் பத்தாகி, பிறகு ஒன்பதாகக் குறைந்தாலும், ஒருமுறை திட்டத்துக்குள் வந்த கடை உள்ளேயே இருக்கும்.

சிலர் ஒரே வியாபாரத்துக்கு மண்டி, குடோன், சில்லரைக் கடை என்று மூன்று பலகை மாட்டி, ஆளுக்கு ஆறு பேராகப் பிரித்து எழுதுகிறார்கள். பலகையை வைத்து அதிகாரி எண்ணுவதில்லை. கல்லா ஒன்றா, கணக்கு ஒன்றா, இங்கே இறக்கிய ஆள் அங்கேயும் போய் ஏற்றுகிறாரா என்று பார்க்கிறார்.

இத்தனை சிரமப்பட்டு மிச்சப்படுத்துவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு கூலியில் 3.25 சதம், தொழிலாளி பங்கு 0.75 சதம். அதற்கு முன் முறையே 4.75, 1.75 சதமாக இருந்தது. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நம் பங்கு 390 ரூபாய், அவர் பங்கு 90 ரூபாய். பத்துப் பேருக்கு நம் கையிலிருந்து மாதம் 3,900 ரூபாய்.

அவருக்குக் கிடைப்பதைப் பாருங்கள். பதிவான நாள் முதல் அவருக்கும் மனைவி மக்களுக்கும் வைத்தியம் (உயர்சிகிச்சைக்கு மட்டும் சில மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும்). நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதம். நாள் கூலி 400 என்றால் 280 ரூபாய். வேலையில் அடிபட்டால் 90 சதம். பெண்களுக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் முழுக்கூலி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் நோய்க்காலப் பணம் கிடைக்கும். அந்த அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டிய வேலை நாள் இருக்க வேண்டும்.

"என் கடை ஆளுக்கு அவன் சம்சாரத்தின் கார்டே போதும்" என்று ஆம்பூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கே ஏராளம். கணவருக்கு அந்தக் கார்டில் வைத்தியம் கிடைப்பது உண்மையே. நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் அடுக்கிலிருந்து மூட்டை சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. மனைவியின் கார்டில் கட்டுப் போட்டார்கள். ஒரு பைசா செலவில்லை. ஆனால் மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை. விடுப்புக் கூலி, கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் படுத்தால்தான் வரும். அந்த மூன்று மாதமும் வீட்டு அடுப்பு அந்த அம்மாளின் ஒரு சம்பளத்தில் எரிந்தது. அவர் பெயரிலேயே கார்டு இருந்திருந்தால் நாளொன்றுக்கு 360 ரூபாய் வந்திருக்கும்.

கட்டத் தவறினால் என்ன? மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதம் வட்டி, அதற்கு மேல் தண்டத்தொகை. தண்டம் ஆண்டுக்கு 25 சதம் வரை போய்க்கொண்டிருந்ததை மாதத்துக்கு 1 சதமாக்க 2025-ல் கழகம் முடிவெடுத்தது. வட்டியும் தண்டமும் பணத்தோடு போய்விடும். பணத்தோடு போகாத காரியம் ஒன்று உண்டு. தொழிலாளி பங்கு என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அதைக் கட்டாமல் விட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம். நம் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றமே. வழக்குப் போடுமுன் சரிசெய்து கொள்ள ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்வது ஓர் ஆறுதல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வேறிடத்தில் இருக்கிறது. பதிவு செய்யாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால், கழகம் அவர் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வருங்காலத்தில் கொடுக்கப் போகும் மொத்தத்தையும் இன்றைய மதிப்பில் கணக்கிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். மாதம் 390 ரூபாயை மிச்சம் பிடித்தவர் இங்கே வீட்டுப் பத்திரத்தைத் தேட வேண்டி வரும். ஆகவே ஆள் சேர்ந்த அன்றே ஆதாரை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். "ஒரு மாதம் நிலைக்கிறானா பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் வழக்கம் நம்மில் அதிகம். சம்பளத்தைக் குறைத்து மீதியைப் பேட்டா, அலவன்ஸ் என்று எழுதுவதும் இனி எடுபடாது. இப்படிப்பட்ட தொகைகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலானது கூலியாகவே கொள்ளப்படும்.

ஆறு பேர், ஏழு பேர் வைத்திருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு நீங்கள் விரும்பினாலும் இதில் சேர வழியில்லை. புதிய சட்டத்தில் முதலாளியும், தொழிலாளிகளில் பெரும்பான்மையினரும் சம்மதித்தால் பத்துக்குக் குறைந்த இடமும் சேரலாம். நல்ல ஆள் ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறான் என்று குறைப்படுகிறோமே, அங்கே சம்பளத்தோடு கார்டும் கிடைக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைசியாக, முதலாளியாகிய நமக்கு. இ.எஸ்.ஐ. நமக்குக் கிடையாது, தனியாக பாலிசி எடுத்தால்தான் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு 18 சதமாக இருந்த ஜி.எஸ்.டி. அறவே இல்லை. 65 வயதுக்கு மேல் புது பாலிசி தரமாட்டார்கள் என்ற நிலையும் 2024-ல் மாறிவிட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. ஆனால் விண்ணப்பத்தில் அவற்றை மறைக்கக் கூடாது. ஏஜெண்ட் "எழுத வேண்டாம்" என்றாலும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். வருமான வரியில் பழைய முறையில் கணக்குக் காட்டுவோருக்கு 25,000 ரூபாய் வரையும், 60 வயதானவர்களுக்கு 50,000 ரூபாய் வரையும் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு. கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கட்டினால் அந்தக் கழிவு கிடைக்காது. செக்காகவோ வங்கி வழியாகவோ கட்டி, ரசீதை அந்த வருடப் பேரேட்டோடு வைத்துவிடுங்கள்.